சாளையில் நெய் இல்லை

மணவாளக்குறிச்சி
3.12.2024

கர்த்தருக்குள் பிரியமுள்ள தம்பி ஜெனித்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் போன் வந்தபோது எங்கள் முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான், உன் அத்தான், மகள் அஜிஷா, உபதேசியார், உபதேசியாரின் மனைவி, பக்கத்து வீட்டு சுனிதா. மொத்தம் ஆறு பேர். அத்தானின் அம்மாவும் வருவதாக இருந்தது, கால்வலி என்று வரவில்லை. அதற்கு ஸ்தோத்திரம்.

வீட்டு ஜெபம் முடிந்து எல்லாருக்கும் கட்டங்காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு கையும் ஒழியாததால் அஜிஷா போனை ஸ்பீக்கரில் போட்டாள். நீ "எக்கா" என்றுகூடக் கூப்பிடவில்லை. எடுத்த எடுப்பில், "அத்தான் அனுப்பின சாளையில களவு உண்டு, நேரா அவருகிட்டயே கேளு" என்றாய்.

ஆறு பேரும் கேட்டோம்.

உபதேசியார் தம்ளருக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். சுனிதா அத்தான் சூப்பர்வைசராக இருக்கிற ஷெட்டில்தான் மீன் பேக் பண்ணப் போகிறாள் என்று உனக்குத் தெரியும். அவளுக்கு இருமல் வந்தது. அது இருமல்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அத்தான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். போதகர் ஊருக்குப் போனால் கோயில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது இந்த மனுஷனிடம்தான். அவரைப் பார்த்துச் சொல்லுகிற வார்த்தையா அது?

அதற்குப் பிறகு நாம் போனில் போட்ட சண்டையை எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டு தடவை நீ கட் பண்ணினாய், ஒரு தடவை நான். இனி போன் வேண்டாம். நான் தாளில் எழுதுகிறேன், அஜிஷா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். வாசிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். வாசிப்பாள். நீயும் அப்படியே எழுதி என் போனுக்கு அனுப்பு. எழுத்தை நடுவில் கட் பண்ண முடியாது, கடைசிவரை கேட்டே ஆகவேண்டும்.

எனக்கு விளங்கினதைச் சொல்லுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. நீ வேலை பார்க்கிற இடத்தில் டால்பினை வைத்து விளையாட்டுக் காட்டுகிறார்கள். நம் கடப்புறத்தில் ஓங்கல் என்பார்களே, அதுதான். அதற்குத் தீனி எடுத்து வைக்கிற மீன் அடுக்களையில் நீயும் பாறசாலைக்காரன் லிஜோவும். இங்கே ஷெட்டில் உறைய வைக்கிற சாளைப் பெட்டிகள் கப்பலேறி உன் அடுக்களைக்கே வந்து சேருகின்றன. முதல் பெட்டியில் நம் ஊர்ப் பெயரைக் கண்டதும் நீ போட்டோ எடுத்து அனுப்பினாய். அத்தான் அதைச் சபை முழுக்கக் காட்டினார். இப்போது ஓங்கல் ஒன்று மெலிந்துவிட்டது. தீனியைக் களவெடுத்தது யார் என்று உன்னைக் கேட்கிறார்கள். நீ அத்தானைக் கைகாட்டுகிறாய்.

ஒன்று கேட்கிறேன், வெப்ராளப்பட்டுக் கோபிக்காதே. மக்கா, நீ அந்த மீனைத் தின்னியா?

நம் வீட்டில் சாளை பொரித்த நாளில் சட்டியில் கறிவேப்பிலை மட்டும்தான் மிஞ்சும். பொரித்த சாளைக்கு முன்னால் உன் மனசாட்சி எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாதா? தின்றிருந்தால் சொல்லிவிடு, நான் உனக்காக ஜெபிப்பேன். தின்னவில்லை என்றால், அத்தான் பெயர் இதில் எப்படி வந்தது என்று முதலிலிருந்து எழுது. கோபத்தை எழுதாதே. நடந்ததை எழுது.

ஜெபத்துடன்,
அக்கா நேசபாய்


கம்பெனி கேம்ப்
6.12.2024

அன்புள்ள எக்காவுக்கு,

ஸ்பீக்கரில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? உபதேசியாரிடம் என் ஸ்தோத்திரத்தைச் சொல்லு. சுனிதா அக்காவின் இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடு.

தின்னல. போதுமா? மேனேஜர் கேட்டார், செக்யூரிட்டி கேட்டான், இப்போது கூடப்பிறந்தவளும் கேட்டாயிற்று. மூணு பேருக்கும் ஒரே பதில்தான்.

முதலிலிருந்து எழுதச் சொன்னாய். இங்கே ஆறு டால்பின் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வாளி, வாளியில் அதனதன் பெயர். உறைந்த பெட்டியை முந்தின நாளே குளிர் அறையில் எடுத்து வைத்து மெதுவாக இளக விடுவோம். காலையில் ஒவ்வொரு மீனாகப் பார்த்து, தோல் கிழிந்ததை ஒதுக்கி, மிச்சத்தை எடை போட்டு வாளியில் இடுவோம். உறைந்த மீனில் கொஞ்சம் சத்து போய்விடும் என்பதால் முதல் மீனின் செவுளுக்குள் வைட்டமின் மாத்திரையைச் செருகிவிடுவது என் வேலை. ராஜவைத்தியம்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரைக்கு கேம்ப் முழுக்க அலையணும்.

இதில் ஷம்மா என்று ஒருத்தி. குட்டி போட்டு அஞ்சு மாசம், பால் கொடுக்கிறாள். நவம்பர் பாதியில் உங்கள் ஷெட்டின் புதுப் பெட்டிகளைப் பிரித்தோம். வாளியில் எடை குறையவே இல்லை. ஷம்மாவின் எடைதான் வாரா வாரம் குறைந்துகொண்டு வந்தது. தலைக்குப் பின்னால் பிடரியில் குழி விழுந்துவிட்டது. டால்பினுக்கு அங்கே குழி விழுந்தால் நல்லதில்லை. குட்டி என்னவோ விடாமல் முட்டி முட்டிக் குடிக்கிறது.

மேனேஜர் சொல்லுவது சுலபமான கணக்கு. தாளில் எழுதின எடை ஒன்று, வாளியில் போட்டது வேறு, நடுவில் உள்ளது எங்கள் வயிற்றில்.

டால்பின்களைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்திதான் வேறு மாதிரி யோசித்தார். பிலிப்பைன்ஸ்காரி, நல்ல மனுஷி. அவர் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். மீன் வருஷம் முழுக்க ஒரே சாப்பாடு கிடையாது. மழைக்காலத்தில் முட்டையிட்டு முடித்த சாளைக்கு உடம்பில் நெய் வற்றிப்போகும், அந்த இடத்தில் தண்ணீர் ஏறிக்கொள்ளும். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு தீனி கிடைத்து, ஐப்பசி வாக்கில் திரும்பவும் நெய் வைக்கும். கடலில் கிடக்கிற டால்பின், சாளை மெலிந்த மாசத்தில் வேறு மீனைத் தேடிப் போகும், இல்லாவிட்டால் கூடுதலாகத் தின்று ஈடுகட்டும். தொட்டியில் கிடப்பது எங்கே போகும்? நாம் வாளியில் இடுவதுதான் அதற்குக் கடல். ஆனால் பெட்டியில் அக்டோபர் இருபது என்றல்லவா தேதி இருக்கிறது, அது நெய் வைக்கிற காலமாச்சே என்று அவருக்கும் குழப்பம். மீனை லேபுக்கு அனுப்பியிருக்கிறார்.

இதற்கு நடுவில் வந்த கூத்தைக் கேள். பெட்டியைப் பிரித்த முதல் நாளே எனக்குச் சந்தேகம். லிஜோ தமிழ் வாசிப்பான் என்பதால் குளிர் அறைப் பலகையில் "சாளையில் நெய் இல்லை" என்று எழுதிவைத்தேன். மேனேஜர் அதன்மேல் போனைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தார். நம் ஊரில் மீனின் கொழுப்பை நெய் என்போம் என்று போனுக்குத் தெரியுமா? சாளை சமைக்கப் பசுநெய் தீர்ந்துவிட்டது என்று அது சொல்லியிருக்கிறது. "அப்படியானால் நேற்றுவரை நெய்யில் வறுத்திருக்கிறீர்கள்" என்று மேனேஜர் குதித்தார். உடனே கேம்புக்கு வந்து என் பெட்டியைத் திறந்து நெய் தேடினார்கள்.

கிடைத்தது. போன லீவில் நீ கொடுத்துவிட்டாயே, அந்த டப்பா.

"அது வேற நெய், இது வேற நெய் சார்" என்று நான் விளக்கின விளக்கத்தில் லிஜோவுக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "தின்று பார்க்காமல் கொழுப்பு இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேனேஜர். ஐப்பசிச் சாளையைக் கீறினால் கத்தி வழுக்கும், சோப்புப் போட்டாலும் கையில் பிசுபிசுப்பு நிற்கும். இந்தச் சாளையை அரிந்துவிட்டு வெறும் தண்ணீரில் கை கழுவினேன். இதை எந்த இங்கிலீஷில் சொல்ல?

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை விசாரணை. களவு என்று முடிவானால் பாஸ்போர்ட்டில் முத்திரை அடித்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் இந்த நாட்டில் மட்டுமில்லை, எங்கேயும் மீன் அடுக்களைக்குள் விடமாட்டார்கள்.

ஐப்பசிச் சாளை நெய் இல்லாமல் வராது. அப்படியானால் பெட்டிக்குள் இருப்பது ஐப்பசிச் சாளை இல்லை. அத்தான் கையைத் தாண்டாமல் ஒரு பெட்டியும் ஷெட்டை விட்டு வெளியே வராது. வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நீ. கூட்டிப் பார்.

ஜெனித்


மணவாளக்குறிச்சி
10.12.2024

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நெய் டப்பாவில் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டேன்.

கூட்டிப் பார் என்றாய். கூட்டிப் பார்க்கிறதுக்கு முன்னால் சமைத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் அத்தானிடம், "அந்த அக்டோபர் பெட்டியில மிச்சம் உண்டானா கொஞ்சம் சாளை கொண்டு வாங்க" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எதுக்கு?"

"பொரிக்க."

"ஷெட்டு மீனு நீ தின்னமாட்டியே."

"இன்னைக்குத் தின்னுகேன்."

சாயங்காலம் ஒரு பொதி கொண்டுவந்து கொடுத்தார். "அந்த லாட்டுதான்" என்று நான் கேட்காமலே சொன்னார். உப்பும் மிளகும் மட்டும் பிரட்டி, இரும்புச் சட்டியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் போட்டேன். இது எனக்கு வருஷாவருஷம் தெரிந்த காரியம். சாளை நெய் வைக்கிற மாசங்களில் என் கணக்கில் தேங்காயெண்ணெய் எப்போதும் மிஞ்சும். கோடையில் அதே சாளை சட்டியில் ஒட்டிக்கொண்டு எண்ணெய் கேட்கும்.

தம்பி, அந்தச் சாளை தன் நெய்யிலேயே நீந்தினது. சட்டியைச் சாய்த்தால் ஒரு பக்கமாக வழிந்து ஓடினது. அஜிஷா அடுத்த வீடுவரை மணக்குது என்றாள். அத்தான் மட்டும் அன்றைக்கு மீன் வேண்டாம் என்று மோர் விட்டுச் சாப்பிட்டார்.

ஆகவே அத்தான் அனுப்பின மீனில் குறை இல்லை. நான் கண்ணால் கண்டேன். குறை இங்கே இல்லை என்றால் அங்கே இருக்க வேண்டும். லிஜோ எப்படிப்பட்டவன்? குளிர் அறைச் சாவி அவனிடமும் உண்டா? நீ தூங்கின பிறகு அவன் என்ன செய்கிறான் என்று உனக்குத் தெரியுமா? இல்லை, நீ எழுதின அத்தனை வரியும் என் வாயை அடைக்கத்தானா? இதைக் கேட்க எனக்கே மனசு பொறுக்கவில்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் "வெளிநாட்டில் சோதனையில் இருக்கிற ஒரு சகோதரனுக்காக" என்று உன் பெயரைச் சொல்லாமல் ஜெபிக்கக் கொடுத்தேன். சுனிதா எல்லார் முன்னிலையிலும், "ஆரு, நம்ம ஜெனித்துக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

அத்தானிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு எழுது. மற்றதை அப்புறம் பார்ப்போம்.

அக்கா


கம்பெனி கேம்ப்
13.12.2024

எக்கா,

இதை அத்தான் வீட்டில் இல்லாதபோது வாசி. அஜிஷாவைப் போட்டோ எடுக்க வைக்காதே, நீயே எடுத்துப் பழகு.

லேப் ரிசல்ட் வந்துவிட்டது. மீனில் கொழுப்பு இருக்க வேண்டியதில் கால் பங்குகூட இல்லை. மிச்சம் தண்ணீர். டாக்டரம்மா தாளைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்து, "நீ எழுதினது சரி" என்றார். அவருக்கு நன்றாக விளங்கிவிட்டது. ஷம்மாவுக்கு அன்றைக்கே வேறு மீன் போடச் சொல்லி எழுதிவிட்டார்.

நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். மேனேஜர் அதே தாளை எடுத்துக்கொண்டு வேறு கதை கட்டினார். பெட்டியில் அக்டோபர் தேதி. அக்டோபர் மீன் கொழுத்திருக்கும் என்று டாக்டரே சொல்லுகிறார். வாளியில் உள்ளது மெலிந்த மீன். ஆகவே நல்ல மீனை வெளியே விற்றுவிட்டு, மலிவு மீனை வாங்கிப் பெட்டியை நிரப்பியது நானும் லிஜோவும். முதலில் தின்றவன் என்றார்கள். இப்போது வியாபாரி ஆகிவிட்டேன். டாக்டரம்மாவால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பெட்டியின் தேதி அவருக்கு எதிராக நிற்கிறது. அந்த மீன் எந்த மாசம் பிடித்தது என்று தெரிந்த ஒருத்தர் சொன்னால் தவிர எனக்கு வழி இல்லை.

லிஜோவைப் பற்றிக் கேட்டாய். அவனுக்கு மீன் ஆகாது. ஒரு துண்டு தின்றால் உடம்பெல்லாம் தடித்து, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கும். கையுறை இல்லாமல் அவன் மீனைத் தொடுவதே கிடையாது. களவாணியைத் தேடினால் வேறு ஆளைத் தேடு.

இனி நான் கேட்கிறேன். நீ பொரித்த சாளையின் கண் எப்படி இருந்தது?

உறைய வைத்து மாசக்கணக்கில் கிடந்த மீனுக்குக் கண் வெளுத்து, பால் படிந்த மாதிரி இருக்கும். எத்தனை கழுவினாலும் அந்தப் படலம் போகாது. தலையைக் கிள்ளும்போது நீ பார்த்திருப்பாய். பார்க்காமல் நீ ஒன்றையும் கீழே போட மாட்டாய். அத்தானிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாய். கேட்கிறேன். இதற்குப் பதில் சொல்லு, அப்புறம் கேட்கிறேன்.

ஜெனித்


மணவாளக்குறிச்சி
14.12.2024

தம்பி,

கண் தெளிந்து, கண்ணாடி மாதிரி இருந்தது. செவுள் நல்ல சிவப்பு.

இதை எழுதக் கை வரவில்லை. ஞாயிறு கழியட்டும். அதுவரை ஒன்றும் கேட்காதே.

அக்கா


மணவாளக்குறிச்சி
16.12.2024

கர்த்தருக்குள் பிரியமுள்ள தம்பி ஜெனித்துக்கு,

உனக்கு இரண்டு வரி எழுதி அனுப்பின அன்றைக்கே பின்பக்கத்து மதிலருகே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சுனிதாவைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி சுனிதா, ஷெட்டுல அந்த அக்டோபர் பெட்டி மீனு இன்னும் உண்டா?"

"எது அக்கா? ஸ்டிக்கர் அக்டோபரா, மீனு அக்டோபரா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஆடியில வள்ளக்காரங்க மலை மாதிரி கொண்டு தட்டினாங்கல்லா, வெறும் சவச்ச, நெய் வத்தின சாளை, அப்போ ஆரும் வாங்கல்ல. முதலாளி அதை அப்பிடியே உறைய வச்சாரு. அக்டோபர்ல பெட்டி மாத்தி, புது ஸ்டிக்கர் ஒட்டினோம். நானுந்தான் ஒட்டினேன். அன்னைக்கு ஜெபத்துல எனக்கு இருமல் வந்துது பாத்தியளா, அது இதுக்குத்தான்."

"இவ்வளவு நாளா எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல்ல?"

"நீங்க கேக்கலியே. உங்க வீட்டுக்காரருல்லா சூப்பர்வைசரு. எனக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதுன்னு நான் எப்பிடி நினைப்பேன்?"

ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும் ஜெனித். இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியவில்லை. சந்தேகப்படவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, மீனே ஆகாத லிஜோவைப் போய்ச் சந்தேகப்பட்டேன்.

அந்தப் பழைய மீனில் தோல் கிழிந்தவற்றை வேலைக்காரர்களுக்குக் கொடுப்பார்களாம். சாயங்காலம் சுனிதா அதில் கொஞ்சம் கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் வெள்ளை, நீ எழுதினது மாதிரியே.

நேற்று ஆராதனை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது மூன்று பேர். அத்தான், அஜிஷா, நான். மரச்சீனிக்கிழங்கு அவித்திருந்தேன். அத்தானின் தட்டில் அந்தச் சாளையைத் தலையோடு வைத்தேன். எண்ணெய் விடாமல் போட்டதால் தோல் முழுக்கச் சட்டியோடு போய்விட்டது. சதை வெந்த காகிதம் மாதிரி பிய்ந்து கிடந்தது.

"இது என்ன?" என்றார்.

"சாளை."

"இப்பிடியா பொரிக்கது?"

"போன சனிக்கிழமையும் இப்பிடித்தான் பொரிச்சேன். அது நீந்திச்சு. இது ஒட்டிப் பிடிச்சிட்டு."

அவர் மீனின் கண்ணைப் பார்த்தார். "சுனிதா தந்தாளா?" என்று கேட்டார்.

"ஆரு தந்தா என்ன, உங்க ஷெட்டு மீனுதானே."

"நான் ஒட்டினது பேக்கிங் தேதி. அக்டோபர் இருபதுக்குத்தான் பெட்டியில போட்டோம், அதைத்தான் ஒட்டினோம். எப்போ பிடிச்சதுன்னு அவங்க கேக்கவும் இல்ல, முதலாளி சொல்லவும் இல்ல. இதுல பொய் எங்க இருக்கு, சொல்லு பாப்போம்."

"பொய் இல்ல."

"பின்ன?"

"பொய் இல்லன்னா, நான் கேட்டப்போ எதுக்கு சந்தையில பச்சைச் சாளை வாங்கிட்டு வந்து, அந்த லாட்டுன்னு சொன்னிய?"

அவருடைய கை தட்டிலேயே நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

"கெட்டுப்போன மீனையா குடுத்தோம்?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "மெலிஞ்ச மீனு, அவ்வளவுதான். தின்னா செத்தா போகும்?"

அப்போது அஜிஷா, "அப்பா, அதுக்கு குட்டி உண்டு. பால் குடுக்கு" என்றாள். "மாமாவ களவன்னு சொல்லி ஏத்தி விடப்போறாங்களாம்."

"நீ இதெல்லாம் வாசிக்கியா?"

"போட்டோ அனுப்பையில மாமா எழுதினதும் கண்ணுல படும்லா."

அஜிஷாவைப் பெற்று நான் கிடந்தபோது எனக்குப் பால் ஊறவேண்டும் என்று பால்சுறா தேடி இவர் புதுக்கடைச் சந்தைவரை போனார். கிடைக்காமல் மறுநாளும் போனார். அதைத்தான் கேட்டேன். "அன்னைக்கு எனக்கு ஏதாவது ஒரு மெலிஞ்ச மீனு போதும்னு இருந்தியளா?"

அவர் மீனை ஒதுக்காமல், அந்தச் சாளையையே கிழங்கோடு சேர்த்துத் தின்று முடித்தார். முள்ளை ஓரமாக வைத்தார். கை கழுவிவிட்டு வெளியே போனார். அன்றைக்குப் போனது மாதிரியேதான் போனார். திரும்பி வருவாரா, முதலாளி வீட்டுக்குப் போகிறாரா என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். இதற்கு முன்னால் அப்படி நின்றதில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். கோயிலைத் திறந்து உள்ளே இருந்தாராம். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தாளுல எழுதித் தரமாட்டேன் நேசம். எழுதினா, ஜெனித்து அத்தான வச்சு எழுதி வாங்கினான்னு அந்த மேனேஜர் சொல்லுவான். நானே பேசுகேன். டாக்டரம்மா கேக்கட்டும், மேனேஜரும் கேக்கட்டும். எந்த மாசம் வந்த மீனு, எப்போ பெட்டி மாத்தினோம், ஆரு சொல்லி ஸ்டிக்கர் ஒட்டினேன், எல்லாம் சொல்லுகேன். லிஜோ பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லட்டும். போன வச்சு மொழிபெயர்க்க வேண்டாம், அது மறுபடியும் நெய் டப்பா தேடும்."

அவரும் உன் கடிதத்தை வாசித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. எப்போது வாசித்தார் என்று கேட்கவில்லை. வாசித்துவிட்டு எத்தனை நாள் பேசாமல் இருந்தார் என்பதையும் கேட்கவில்லை. அதை வேறொரு நாள் கேட்பேன்.

இன்னொன்றும் சொன்னார். "ஸ்பீக்கர்ல போடு. அன்னைக்குக் கேட்டவங்க எல்லாரும் இருக்கட்டும்."

ஆகவே நீ கூப்பிடும்போது முன்னறையில் இருக்கப்போகிறவர்கள்: நான், உன் அத்தான், அஜிஷா, உபதேசியார், உபதேசியாரின் மனைவி, சுனிதா. அத்தானின் அம்மாவுக்குக் கால்வலி தேவலை, அவரும் வருவார். தடுக்கப்போவதில்லை.

பேசின மறுநாள் இவரை ஷெட்டுக்குள் விடுவார்களா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இல்லை. சுனிதாவின் வேலையும் இதில் போகக்கூடும். அவளிடம் சொன்னேன். "அதுக்கென்ன அக்கா, நான் இருமினாலே எல்லாருக்கும் தெரிஞ்சு போகுது" என்றாள்.

உண்மையைச் சொல்லட்டுமா? இதை எழுதுகிற இந்த நேரத்திலும் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. கூப்பிடுகிற நேரத்தில் அவருக்கு வேறு ஏதாவது வேலை வந்துவிடுமோ என்று பயம்தான். அதனால்தான் உபதேசியாரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். அத்தானும் கூடவே வந்தார். என்ன காரியம் என்று உபதேசியார் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் அவரே, "அன்னைக்கு மச்சினன் சொன்னது நெசந்தான்" என்றார். அதைக் கேட்டபிறகு சந்தேகம் பாதி குறைந்தது. மீதிக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னைத் தின்னியா என்று கேட்டதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளுகிறேன். லிஜோவிடமும் சொல்லு. அவன் முகம் தெரியாமலே அவனைப் பழித்துவிட்டேன். நெய் டப்பா இன்னும் அவர்கள் கையில் இருந்தால் திரும்ப வாங்கு. நல்ல பசுநெய் அது.

விசாரணை வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் புதனோ வியாழனோ டாக்டரம்மாவும் மேனேஜரும் ஒன்றாக உட்காருகிற நேரம் எது என்று கேட்டு எழுது. ஷம்மாவின் பிடரிக் குழி நிரம்ப ஆரம்பித்ததா என்பதையும் எழுது. இந்தத் தடவை என் கையில் காப்பித் தம்ளர் இருக்காது, போனை நானே எடுப்பேன்.

சீக்கிரம் பதில் எழுது.

அக்கா நேசபாய்